வீட்டைக் கெடுத்த நாவல்களா?

பிரெஞ்சு நாவல் என்ற மாத்திரத்தில், அது குடும்பத்துக்கு ஆகாத சரக்கு என்றும், பிறன்மனை நாடுவதைப் பெரிய வித்தையாகக் கொண்டாடுவது என்றும், வீடு வாசல், கணவன் மனைவி என்ற கட்டுக்கோப்பைக் குலைப்பதில் அதற்கு ஈடு சொல்ல வேறொன்றும் இல்லை என்றும் ஓர் அபிப்பிராயம் நம்மிடையே வெகுகாலமாக வழங்கி வருகிறது. அந்நாவல்களைத் தொட்டும் பாராதவர்களிடம் இது உறுதியாகவும், நாலைந்து பக்கம் புரட்டியவர்களிடம் அதனினும் உறுதியாகவும் இருப்பதைக் காணலாம். பிரான்ஸ் தேசத்து அரசாங்கமே ஒரு காலத்தில் இதே எண்ணம் கொண்டிருந்தது. குஸ்தாவ் ஃப்ளோபேர் எழுதிய 'மதாம் பொவாரி' பொது ஒழுக்கத்துக்கும் மதத்துக்கும் பங்கம் விளைவிக்கிறது என்று 1857-ஆம் ஆண்டு ஜனவரி 29-ஆம் தேதி பாரிஸ் நீதிமன்றத்தில் வழக்கு நடந்தது. அரசாங்கத்தின் சார்பில் எர்னெஸ்ட் பினார் என்ற வக்கீல் வாதாடினார். பிப்ரவரி 7-ஆம் தேதி ஆசிரியர் விடுதலை பெற்றார். ஆசிரியருக்கு விடுதலை கிடைத்ததேயன்றி, நாவலுக்கு ஏற்பட்ட கெட்ட பெயர் போகவில்லை.

நான் இதற்கு நேர்மாறான கட்சியைச் சேர்ந்தவன். பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிரெஞ்சு நாவலாசிரியர்களைப் போல வீட்டைப் பற்றி இடைவிடாது விசாரம் செய்தவர்கள் உலக இலக்கியத்தில் வெகு சிலரே. வீட்டைப் புகழ்ந்து பாடுவது எளிது. அன்னையின் மடி, அடுப்பின் சூடு, மாலை விளக்கு என்று சொல்லிக்கொண்டே போனால் கேட்பவர் கண் கசியும். இவர்களோ அந்த வழியில் போகவில்லை. இந்த வீட்டுக்கு வாடகை கொடுப்பவர் யார், சாவிக்கொத்து யாருடைய இடுப்பில் தொங்குகிறது, குளிர்காலத்தில் கணப்பு மூட்ட உத்தரவு யாரிடமிருந்து வர வேண்டும், தவணை தவறினால் சட்டி முட்டியோடு தெருவில் நிற்பவர் யார், கடைசி மூச்சு யாருடைய கட்டிலில் போகும் என்று, கணக்குப்பிள்ளைக்குரிய பொறுமையோடு ஒவ்வொன்றாக விசாரித்தார்கள். 'வெளியே போ' என்று பிறர் சொல்ல முடியாத இடம்தான் வீடு என்று கொண்டால், அப்படி ஓர் இடம் எத்தனை பேருக்கு வாய்த்திருக்கிறது என்பதே அவர்களுடைய கேள்வி. வெகு சிலருக்கே என்பது அவர்கள் கண்ட விடை. அது இனிக்காத விடையாதலால் பழி நாவலின் மேல் விழுந்தது.

இந்த விசாரத்துக்குப் பின்னால் சட்டம் ஒன்று நின்றது. நெப்போலியன் 1804-இல் பிறப்பித்த சிவில் சட்டத் தொகுப்பின்படி, கணவன் எங்கே வசிப்பது உசிதம் என்று நினைக்கிறானோ அங்கெல்லாம் மனைவி அவனைப் பின்தொடர்ந்து சென்று அவனோடு குடியிருக்கக் கடமைப்பட்டவள். சொத்து விஷயத்திலும் அவன் சம்மதமின்றி அவள் எதுவும் செய்வதற்கில்லை. 1816-இல் விவாகரத்தும் ரத்து செய்யப்பட்டு, 1884-இல்தான் மீண்டும் வந்தது. பால்ஸாக்கும் ஃப்ளோபேரும் தங்கள் பிரசித்தமான நாவல்களை எழுதியது இந்த இடைக்காலத்தில். ஆகவே அவர்களுடைய கதாநாயகிகள் வீட்டுக்குள் இருக்கிறார்களே தவிர, அந்த வீட்டைத் தேர்ந்தெடுத்தவர்கள் அல்லர்.

எம்மா பொவாரி புதுப்பெண்ணாகத் தோஸ்த் என்ற சிற்றூரிலுள்ள வைத்தியரின் வீட்டுக்குள் நுழைந்தபோது முதலில் அவள் கண்ணில் பட்டவற்றுள் ஒன்று, எழுதும் மேஜையின் மேல் வெண்பட்டு நாடா கட்டிய ஒரு பூச்செண்டு. அது அவளுக்காக வைத்ததன்று. இறந்துபோன முதல் மனைவியின் கல்யாணச் செண்டு. கணவன் அசட்டுத்தனமாக அதைத் தூக்கிக்கொண்டு பரணுக்குப் போக, பெட்டியில் அடைத்து வந்த தன் செண்டை நினைத்து, நாளைக்கு நான் செத்தால் இதை என்ன செய்வார்கள் என்று அவள் யோசிக்கிறாள். அரசாங்க வக்கீல் இந்த இடத்தை விட்டுவிட்டு, காதலர்களோடு அவள் சேர்ந்திருந்த இடங்களையெல்லாம் தேடித் தேடிப் படித்தது வேடிக்கைதான். நாவலின் முடிவும் படுக்கையறை விஷயமன்று, ஜப்தி விஷயம். கடன் முற்றி, அமீனா வீட்டுக்கு வந்து, பாத்திரம் பண்டம், துணிமணி என்று ஒவ்வொன்றாக எடுத்து ஜாபிதா எழுதுகிறான். கணவனும் மனைவியும் மாண்டு, எல்லாம் விற்றுத் தீர்ந்தபின் மிஞ்சியது 12 பிராங்கு 75 சாந்தீம். அந்தக் காசு அவளுடைய சிறு பெண்ணைப் பாட்டியின் வீட்டுக்கு அனுப்பப் பயன்படுகிறது. பிறகு அந்தப் பெண் பஞ்சாலையில் கூலிக்குப் போகிறாள். இதைப் படித்துவிட்டு யாருக்கேனும் வீட்டைக் கெடுக்கும் ஆசை உண்டாகுமா?

வீட்டைக் குறித்த இந்தக் கணக்கை முதலில் தொடங்கி வைத்தவர் பால்ஸாக். 1833-இல் வெளிவந்த 'யூஜீனி கிராந்தே' என்ற நாவலை எடுத்துக்கொள்வோம். லுவார் நதிக்கரையிலுள்ள ஸொமூர் என்ற ஊரில், மேட்டுத் தெருவின் கோடியில், குளிர்ந்து இருண்ட பழைய வீடொன்று. அதன் எஜமானர் கிராந்தே, பீப்பாய் செய்யும் தொழிலில் தொடங்கி, திராட்சைத் தோட்டங்களாலும் பொன் வியாபாரத்தாலும் பெருஞ்செல்வரானவர். ஆயினும் அன்றாடம் காலையில் ரொட்டியையும் சாமான்களையும் தம் கையாலேயே அளந்து கொடுப்பார். மெழுகுவத்தியையும் அவரே எண்ணித் தருவார். சர்க்கரைக் கட்டியை ஓய்வு நேரத்தில் உட்கார்ந்து சிறு சிறு துண்டாக வெட்டி வைப்பார். கூடத்துக் கணப்பில் நவம்பர் 1-ஆம் தேதிதான் நெருப்பு மூட்டலாம். மார்ச் 31-ஆம் தேதி அதை அணைத்துவிட வேண்டும். வசந்தம் பிந்தினாலும் குளிர் முந்தினாலும் அந்தத் தேதிகளில் மாற்றமில்லை. அக்டோபரிலும் ஏப்ரலிலும் தாயும் மகளும் ஜன்னலோரம் உட்கார்ந்து துணி தைக்கையில், வேலைக்காரி நானோன் சமையலறைத் தணலில் கொஞ்சம் தந்திரமாக எடுத்து வைத்துக் கொடுக்கும் கணப்புச் சட்டி ஒன்றே அவர்களுக்குக் கதி.

இந்த வீட்டுக்கு ஒரு நாள் பாரிஸிலிருந்து, தகப்பன் திவாலான செய்தியறியாமல், பகட்டோடு சிற்றப்பன் மகன் ஷார்ல் வந்து சேருகிறான். யூஜீனி அவனுக்காகச் செய்யும் முதல் கலகம் என்ன? கொழுப்பு வத்திக்குப் பதிலாக நல்ல மெழுகுவத்தி ஒன்றை வாங்கிவரச் சொன்னதும், காபிக்கு இன்னும் கொஞ்சம் சர்க்கரை எடுத்து வைத்ததும்தான். பெரிய புரட்சிகளைப் பற்றி எழுதிய ஆசிரியர்கள் எத்தனையோ பேர் உண்டு. ஒரு சர்க்கரைக் கட்டியை மேஜையின்மேல் வைத்து, அதைத் தகப்பனார் பார்த்துவிட்டாரா என்று நம்மை மூச்சடக்கிக் காத்திருக்கச் செய்யும் வல்லமை பால்ஸாக்குக்கே உரியது. அந்த இளைஞன் போய், வாக்குத் தவறி, காலம் உருண்டு, தகப்பனார் மாண்டு, பெயரளவில் ஒரு கல்யாணமும் நடந்து, முப்பத்துமூன்று வயதில் விதவையாகிய யூஜீனிக்கு ஆண்டுக்கு எட்டு லட்சம் பிராங்கு வருமானம். சாவியும் இப்போது அவள் கையில். என்றாலும் தகப்பனார் முன்பு எந்த நாட்களில் கணப்பு மூட்ட அனுமதித்தாரோ அந்த நாட்களில் மட்டுமே அவள் தன் அறையில் நெருப்பு மூட்டுகிறாள். அடிமை கொண்டவன் போனபின்பும் அடிமைத்தனத்தின் பஞ்சாங்கம் வீட்டில் தொங்குகிறது. உடைமை கைக்கு வந்தால் வீடும் சொந்தமாகிவிடும் என்று நினைப்பவர்களுக்கு இதைவிடக் கடுமையான பதிலை நான் வேறெங்கும் கண்டதில்லை.

இரண்டு ஆண்டுகள் கழித்து நூலாக வந்த 'கிழவர் கோரியோ'வில் அதே ஆசிரியர் வீட்டையும் விட்டுவிட்டு, பாரிஸில் சாப்பாட்டுடன் அறை கொடுக்கும் ஒரு விதவையின் விடுதிக்குப் போய்விடுகிறார். அங்கே மனிதனுடைய ஐசுவரியத்தை மாடிப்படி கணக்கிடும். கோரியோ வந்த புதிதில் கீழ்த்தளத்துக்கு அடுத்த நல்ல மாடியில் ஆண்டுக்கு 1200 பிராங்கு கொடுத்து இருந்தார். பெண்களுக்காகச் செலவழித்து, அதற்கு மேல் மாடிக்கு 900 பிராங்குக்கு ஏறினார். பிறகு மாதம் 45 பிராங்குக்கு இன்னும் மேலே. நமது ஊர்களில் மேலே போவது உயர்வு; பழைய பாரிஸில் ஏறுவதெல்லாம் இறங்குவது. கிழவர் இறந்ததும், அவர்மீது போர்த்த விடுதிக்காரி கொடுத்தது கிழிந்து திருப்பித் தைத்த துணி. செத்தவனுக்கு இது போதும் என்கிறாள் அவள்.

செத்தவனுக்கு எது போதும் என்ற இந்தக் கேள்வியை எமில் ஸோலா கைவிடவில்லை. 1877-இல் புத்தகமாக வெளிவந்த 'லஸொம்வார்' பாரிஸின் வடபகுதியில் கூத் தோர் வீதியில் வசிக்கும் சலவைக்காரி ஜெர்வேஸின் கதை. கதையின் தொடக்கத்தில், தன்னை மணக்க விரும்பும் கூபோவிடம் அவள் தன் ஆசைகளைச் சொல்கிறாள்: நிம்மதியாக வேலை செய்ய வேண்டும், என்றும் சாப்பிட ரொட்டி இருக்க வேண்டும், தூங்கக் கொஞ்சம் சுத்தமான பொந்து ஒன்று வேண்டும், பிள்ளைகளை நல்லபடியாக வளர்க்க வேண்டும், அடி உதை கூடாது, கடைசியில் தன் வீட்டில் தன் கட்டிலில் சாக வேண்டும். இதற்குமேல் அவள் ஒன்றும் கேட்கவில்லை. நாவல் முழுவதும் இந்த ஆசைகளை ஒன்று விடாமல் எடுத்து, முதலில் கொடுத்து, பிறகு பிடுங்கிக்கொள்கிறது.

அவள் குடியேறும் ஒண்டுக்குடித்தனக் கட்டிடத்தை ஸோலா வர்ணித்திருப்பது அபாரம். ஆறு மாடி, நூற்றுக்கணக்கான ஜன்னல்கள், ஒவ்வொரு ஜன்னலிலும் காயும் துணிகள், கீழே சாயப்பட்டறையிலிருந்து வாசல் வழியாக ஓடிவரும் நீர் ஒரு வேளை இளஞ்சிவப்பு, ஒரு வேளை நீலம். ஜெர்வேஸ் அங்கே தனக்கென்று சலவைக்கடை வைத்து, ஆட்களை வேலைக்கு அமர்த்தி, தெருவே பார்க்கும்படி வாத்து விருந்து வைக்கிறாள். ஏற்கெனவே கூரையிலிருந்து விழுந்திருந்த கணவன் குடியிலும் விழ, பழைய காதலன் லாந்தியே வீட்டோடு வந்து தங்கி இருவருமாகக் கடையைத் தின்று தீர்க்கிறார்கள். கடை போயிற்று, ஆறாவது மாடிக்கு ஏறியாயிற்று, மெத்தையிலிருந்த கம்பளிப் பஞ்சைக்கூடக் கொஞ்சம் கொஞ்சமாகப் பிடுங்கி விற்று, கட்டில் போய் வைக்கோல் ஆயிற்று. அந்நாளைய பாரிஸில் வாடகை மூன்று மாதத்துக்கு ஒரு தவணை. ஏழைக் குடிகளுக்குத் தவணைத் தேதி என்றால் யமன் வரும் தேதி. முடிவில் வீட்டுக்காரர் அவளை ஆறாவது மாடியிலிருந்தும் வெளியேற்றி, படிக்கட்டின் அடியிலுள்ள ஒரு பொந்தை மட்டும் பெரிய மனசு பண்ணி அவளுக்கு விடுகிறார்; அதிலே இருந்த கிழவர் அப்போதுதான் செத்துப் போயிருந்தார். சுத்தமான பொந்து கேட்டவளுக்குப் பொந்து கிடைத்தது. அதிலே அவள் இறந்து இரண்டு நாள் கழித்துத்தான் நடையில் போவோர்க்குச் சந்தேகம் தட்டியது.

ஸோலாவிடம் எனக்குக் குறையும் உண்டு. ஒரு முறை அடித்தால் வீழக்கூடியவளை அவர் பத்து முறை அடிக்கிறார். வாசகனுக்கு இரக்கத்தைக் காட்டிலும் களைப்பு மிகுந்துவிடுகிறது. ஆனால் இந்த நாவலால் கிடைத்த பணத்தைக் கொண்டு அவர் 1878-இல் 9000 பிராங்குக்கு ஸேன் நதியருகே மேதான் என்ற ஊரில் ஒரு சிறு வீடு வாங்கினார் என்பதை அறியும்போது, மனசு சற்று விசித்திரமாக உறுத்தத்தான் செய்கிறது. கட்டில்கூட இல்லாமல் செத்த சலவைக்காரி தன் ஆசிரியருக்கு வீடு வாங்கிக் கொடுத்தாள். இதற்காக ஆசிரியரைக் குறை சொல்வதற்கில்லை. எழுத்தாளன் வாடகை வீட்டிலேயே சாக வேண்டும் என்று எந்தச் சாஸ்திரமும் விதிக்கவில்லை.

இத்தனை இருளுக்கும் நடுவே திறந்த கதவு ஒன்றுகூட இல்லையா என்று கேட்கலாம். விக்தோர் ஹ்யூகோ அதையும் காட்டியிருக்கிறார். அவருடைய 'லே மிஸேராபிள்' 1862-இல் வெளிவந்தது. சுத்தானந்த பாரதியார் அதை 'ஏழைபடும் பாடு' என்று தமிழாக்கியதும், 1950-இல் அது திரைப்படமாக வந்து நாகையா நடித்ததும் மூத்த தலைமுறையினருக்கு நினைவிருக்கும். பாதிரியாரின் வெள்ளி விளக்குத் தண்டுகளை அறியாத தமிழ் வாசகர் அரிது. ஆனால் அதற்கு முன்னால் நடந்த வேறொரு காரியத்தைப் பலர் மறந்துவிடுகிறார்கள். டீஞ் நகருக்கு வந்த மூன்றாம் நாள் அந்தப் பாதிரியார், பிஷப் மிரியேல், பக்கத்து ஆஸ்பத்திரியைப் பார்வையிடுகிறார். ஐந்தாறு சின்ன அறைகளில் 26 நோயாளிகள். தம் மாளிகையிலோ தாமும் தங்கையும் வேலைக்காரியுமாக மூன்றே பேர். அறுபது பேர் இருக்கத்தக்க இடம். எங்கேயோ தப்பு நடந்திருக்கிறது, நீங்கள் என் வீட்டில் இருக்கிறீர்கள், நான் உங்கள் வீட்டில் இருக்கிறேன் என்ற பாவனையில் அவர் மறுநாளே மாளிகையை ஆஸ்பத்திரிக்கு விட்டுக்கொடுத்து, தாம் அந்தச் சிறு கட்டிடத்துக்குக் குடிபோகிறார். கதவுக்கு வெறும் கொக்கிதான், பூட்டு இல்லை. சத்திரங்களிலிருந்து துரத்தப்பட்டு, நாய்க்குடிசையில் நுழைந்து நாயாலும் துரத்தப்பட்ட, சிறையிலிருந்து விடுதலையான ழான் வல்ழான் அந்தக் கதவைத் தட்டுகிறான். மாளிகையில் பிஷப் இருந்திருந்தால் அவனால் தட்டியிருக்க முடியுமா என்பது யோசிக்கத்தக்கது. இதை எழுதியவர் நாடு கடந்து வாழ்ந்தவர். 1851-இல் பிரான்ஸை விட்டு ஓடி, 1855-இல் ஜெர்ஸித் தீவிலிருந்தும் வெளியேற்றப்பட்டு, மறு ஆண்டு கெர்ன்ஸித் தீவில் ஒரு வீட்டை விலைக்கு வாங்கிக்கொண்டு, அங்கேதான் இந்த நாவலை மீண்டும் எடுத்துத் தொடர்ந்து எழுதினார். வெளியே போ என்ற சொல்லை இரண்டு முறை கேட்டவருக்குத்தான் கதவின் அருமை தெரியும்.

பூர்வீக வீட்டின் நினைவை ஆயிரக்கணக்கான பக்கங்களில் எழுதிய மர்ஸேல் ப்ரூஸ்ட்டைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லையே என்று அவருடைய ரஸிகர்கள் கோபிக்கக்கூடும். அவர் மகா கலைஞர் என்பதில் சந்தேகமில்லை. அவர் பிள்ளைப்பிராயத்தில் விடுமுறை கழித்த இல்லியே என்ற ஊர், 1971-இல் அவர் நாவலில் வரும் கற்பனைப் பெயரைத் தன் பெயரோடு சேர்த்து இல்லியே-கோம்ப்ரே ஆகிவிட்டது என்பதே அவர் பெருமைக்குச் சான்று. ஆனால் அவருடைய வீட்டில் யாரும் வாடகை பாக்கி வைப்பதில்லை; ஆகையால் என்னுடைய விசாரணையில் அவருக்கு இடம் கொஞ்சம் குறைவு.

இனி நான் சொல்ல வேண்டியது ஃப்ளோபேரின் மற்றொரு கதையைப் பற்றி. 1877-இல் வந்த 'மூன்று கதைகள்' என்ற நூலில் முதலாவது, ஃபெலிசிதே என்னும் வேலைக்காரியின் கதை. நார்மண்டியில் பொன் லெவேக் என்ற ஊரில் மதாம் ஓபேன் என்ற விதவையின் வீட்டில், ஆண்டுக்கு நூறு பிராங்கு சம்பளத்துக்கு, ஐம்பது ஆண்டு காலம் அவள் சமைத்து, தோய்த்து, தைத்து, பிள்ளைகளை வளர்த்து, இறந்தவர்களை அடக்கம் செய்கிறாள். எஜமானி வேண்டாம் என்று கழித்ததையெல்லாம் அவள் தன் அறைக்கு எடுத்துப் போய்விடுவாள். ஜெபமாலைகள், மாதா சொரூபங்கள், தேங்காய்ச் சிரட்டையில் செய்த தீர்த்தக் கிண்ணம், சகோதரி மகன் கொடுத்த சிப்பிப் பெட்டி, பிள்ளைகள் விளையாடிய பூவாளியும் பந்தும், அவர்கள் எழுதிப் பழகிய நோட்டுகள், ஒரு ஜோடிப் பூட்ஸ். கண்ணாடி மாட்டிய ஆணியில் நாடாவால் தொங்கவிட்டது, இறந்துபோன சிறுமி விர்ஜினியின் தொப்பி. இவற்றுக்கெல்லாம் நடுநாயகமாகப் பிற்பாடு வந்து சேர்ந்தது, பாடம் செய்து வைத்த அவளுடைய கிளி லூலூ. அந்த அறையில் அவள் தனக்கென்று கடையில் வாங்கிய பொருள் மிக அரிது. இருந்தும் இதுவரை நான் சொன்ன நாவல்கள் அத்தனையிலும், மனசார வீட்டில் இருப்பவள் இவள் ஒருத்திதான்.

எஜமானி இறந்ததும் வாரிசுகள் வந்து சாமான்களை எடுத்துக்கொண்டு போகிறார்கள். வீடு விற்பனைக்கு என்ற செய்தி கேட்டு ஃபெலிசிதே தள்ளாடிப் போகிறாள். கிளிக்கு இவ்வளவு வசதியான அறையை விட்டு எங்கே போவது? அவளுக்கு ஆண்டுக்கு 380 பிராங்கு எழுதி வைக்கப்பட்டிருக்கிறது. ஆனால் இருக்க இடம் என்று எழுதி வைக்கப்படவில்லை. நல்ல வேளையாக வீடு விலை போகவில்லை, வாடகைக்கும் போகவில்லை. ஞாபகப்படுத்தினால் வெளியேற்றிவிடுவார்களே என்று பயந்து, அவள் பழுது பார்க்கும்படி யாரிடமும் கேட்பதேயில்லை. கூரையின் வரிச்சுகள் இற்றுப்போகின்றன. ஒரு குளிர்காலம் முழுவதும் அவள் தலையணை நனைந்தே கிடக்கிறது. ஒழுகும் கூரையின் கீழ், நனைந்த தலையணையில், வாய் திறவாமல் ஒரு கிழவி படுத்திருக்கும் அந்த ஒரு வாக்கியத்துக்கு, வாடகை வீட்டில் வாழ்ந்து, ஓட்டை ஒழுகல் என்று சொன்னால் வீட்டுக்காரர் காலி செய்யச் சொல்லிவிடுவாரே என்று மௌனம் சாதித்த எவருக்கும் உரை தேவையில்லை.

ஃப்ளோபேருக்கு இந்தப் பயம் எங்கிருந்து தெரிந்தது? ரூவான் நகருக்கருகே க்ருவாஸே என்ற இடத்தில், நதிக்கரை வீட்டில் அவர் தம் வாழ்நாளின் பெரும்பகுதியைக் கழித்தார். 1872-இல் இறந்த தாயார் அந்த வீட்டைப் பேத்தியின் பேருக்கு எழுதி, மகனுக்கு அதில் குடியிருக்கும் பாத்தியதையை மட்டும் விட்டுப் போனார். 1875-இல் அந்தப் பேத்தியின் கணவர் வியாபாரத்தில் நொடித்துப்போக, அவரைத் திவாலிலிருந்து காப்பாற்ற ஃப்ளோபேர் தமக்கென்று இருந்த பண்ணை நிலத்தை விற்றுக் கொடுத்துவிட்டு, இருக்கும் வீடும் கைவிட்டுப் போகுமோ என்று கலங்கினார். மறு ஆண்டு எழுதியது ஃபெலிசிதேயின் கதை. பிரான்ஸ் தேசம் கொண்டாடிய ஆசிரியரும் நூறு பிராங்கு வேலைக்காரியும் பிறர் வீட்டில் ஒட்டிக்கொண்டிருந்தவர்களே. அவர் 1880-இல் இறந்தார். அடுத்த ஆண்டு அந்த வீடு விற்கப்பட்டு, இடிக்கப்பட்டு, அந்த இடத்தில் சாராய ஆலை எழுந்தது. தோட்டத்து ஓரத்துச் சிறு மண்டபம் ஒன்று மட்டும் தப்பியது.

இந்த நூல்களைக் கையில் எடுக்க நினைப்பவர்கள் ஸோலாவிலிருந்து தொடங்க வேண்டாம். பாதியில் மனமுடைந்து நிறுத்திவிடுவீர்கள். ஃபெலிசிதேயின் கதையை முதலில் படியுங்கள். ஒரு மாலைப்பொழுதில் முடிந்துவிடும். அடுத்தது கிராந்தேயின் வீடு. கதை எப்போது தொடங்கும் என்ற அவசரத்தில் பால்ஸாக்கின் ஆரம்பப் பக்கங்களைத் தள்ளிவிட்டுப் போகும் வழக்கம் நம்மில் பலருக்கு உண்டு. தெருவையும் வாசலையும் கூடத்தையும் ஜன்னலையும் சொல்லும் அந்தப் பக்கங்களை மட்டும் தயவுசெய்து தள்ளாதீர்கள்.